‘வாழ்க்கை’க்கு எதுகை தேடுகிறேன்: சரணத்தின் இரண்டாவது அடியில் நிற்கிறது பாட்டு

சரணம்தேடி:

வணக்கம். மெட்டு முதலில் வந்துவிட்டது, அதற்கு வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்லவி முடிந்தது. சரணத்தின் முதல் அடி இது:

வாழ்க்கை நாளை என்றிருந்தேன்

வாழ்வதை எல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டே வந்த ஒருவர் பாடுகிற பாட்டு. இந்த அடியை மாற்ற எனக்கு மனம் இல்லை, இசையமைப்பாளருக்கும் இது பிடித்துப்போயிற்று. சிக்கல் அடுத்த அடியில். ‘வாழ்க்கை’ என்றவுடன் வேடிக்கை, வாடிக்கை, நம்பிக்கை மூன்றும் வந்து நிற்கின்றன. மூன்றையும் எத்தனையோ பாடல்களில் கேட்டாகிவிட்டது. கேட்பவர் முதல் சொல்லைக் கேட்டதுமே அடுத்ததை ஊகித்துவிடுவார். ‘யாக்கை’ அழகான சொல்தான், ஆனால் இந்தப் பாத்திரம் பேசுகிற எளிய தமிழில் அது தனியாகத் துருத்துகிறது.

அடிக்கு நான்கு தட்டு. கடைசி ஒலி நன்றாக நீண்டு நிற்கும். வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

பாமரன்:

க்கையில் முடியும் சொற்கள் நீங்கள் சொன்ன மூன்றோடு நின்றுவிடவில்லை. காணிக்கை, கோரிக்கை, எச்சரிக்கை, அறிக்கை, இருக்கை, படுக்கை, உடுக்கை, சேர்க்கை என்று நிறைய இருக்கின்றன. இவற்றில் ‘இருக்கை’ எனக்குப் பிடிக்கிறது. காலியான இருக்கை என்பது உங்கள் பாத்திரத்துக்குப் பொருந்தும். வாழ வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. பாட்டில் அதிகம் புழங்காத சொல், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தொடைநயம்:

பாமரன் சொன்ன ‘இருக்கை’ நல்ல படிமம். ஆனால் சரணம்தேடி, உங்கள் அடியை இன்னொரு முறை பாருங்கள். ‘வாழ்க்கை’ அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. நீங்கள் தேடுவதோ க்கை என்று முடியும் சொற்களை. அடியின் முதலில் நிற்கும் சொல்லுக்கு இயைபு, அதாவது அடிகளின் முடிவில் வரும் ஒலி ஒற்றுமை, தேடி என்ன பயன்? அங்கே வேண்டியது எதுகை.

தொல்காப்பியச் செய்யுளியல் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. அடிதோறும் தலையெழுத்து ஒத்தால் மோனை, ‘அஃதொழித்து ஒன்றின் எதுகை’. முதல் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தில் ஒன்ற வேண்டும். முதல் எழுத்து அதே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை, அளவு ஒத்திருந்தால் போதும். நெடிலுக்கு நெடில், குறிலுக்குக் குறில்.

அப்படிப் பார்த்தால் ‘வேடிக்கை’ உங்கள் சொல்லுக்கு எதுகையே இல்லை. அதன் இரண்டாம் எழுத்து ‘டி’. ‘நம்பிக்கை’யும் இல்லை. இத்தனை காலம் இந்தச் சொற்கள் ‘வாழ்க்கை’யோடு வந்ததெல்லாம் வால் ஒட்டியதால்தான்.

‘வாழ்க்கை’யின் இரண்டாம் எழுத்து ழ். அதற்கு முன்னால் நெடில். அங்கே தேடுங்கள்: ஆழ்ந்து, சூழ்ந்து, வீழ்ந்து, தாழ்ந்து, மூழ்கி, ஏழ்மை, வீழ்ச்சி, சூழ்ச்சி, காழ்ப்பு, தாழ்ப்பாள், கீழ்வானம், ஆழ்கடல், சூழ்நிலை. இதில் எது உங்கள் பாத்திரத்தின் வாயில் வராது?

எழுதுகோல்:

தொடைநயம் ஒரு வாசலைத் திறந்தார். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரியது. ஆசிடை எதுகை.

ய், ர், ல், ழ் என்ற நான்கு மெய்களும் இடையில் வந்தால் அவற்றைக் கணக்கில் கொள்ளாமல் அடுத்த எழுத்தை வைத்து எதுகை கொள்ளலாம் என்று யாப்பு நூல்கள் இடம் கொடுக்கின்றன. சீவக சிந்தாமணியில் ‘காய்மாண்ட’ என்று தொடங்கும் அடிக்கு ‘பூமாண்ட’ எதுகையாக வருகிறது. ய் அங்கே ஆசு, அதாவது கணக்கில் சேராமல் இடையில் நிற்கும் மெய். ழகரத்துக்கு யாப்பு உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டு உங்களுக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது: ‘வாழ்கின்றேம்’ என்ற அடிக்கு ‘போகின்ற’ எதுகை.

அதன்படி ‘வாழ்க்கை’யில் ழ் ஆசாக நின்றுகொள்ளட்டும். நெடிலுக்குப் பின் க்க வரும் எந்தச் சொல்லும் உங்களுக்கு எதுகை: ஆக்கம், ஏக்கம், ஊக்கம், தாக்கம், தேக்கம், தூக்கம், நோக்கம், போக்கு, வாக்கு, நாக்கு, பூக்கள், காக்க. இந்தப் பக்கத்திலும் ஆசு வரலாம் என்று எடுத்துக்கொண்டால் பார்க்க, சேர்க்க, தீர்க்க, ஈர்க்க, கோர்க்க, வாய்க்கும், காய்க்கும், சாய்க்கும், வாய்க்கால் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. காதுக்கும் இவை இசைவாகவே கேட்கின்றன, சொல்லிப் பாருங்கள்.

தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளை வேறொரு சொல்லோடு நிற்பீர்கள். பின்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு முதல் எழுத்தை மட்டும் அகரவரிசையில் மாற்றிக்கொண்டே போங்கள். ஆக்க, ஈக்க, ஊக்க, ஏக்க, ஓக்க. காக்க, கீக்க, கூக்க என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொருளில்லாதவை தாமாக உதிர்ந்துவிடும். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பதால் இந்த வரிசை நினைப்பதைவிடக் குறுகியது. தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த பாட்டுக்கும் ஆகும்.

தொடைநயம்:

எழுதுகோல் சொன்ன முறை புதியதல்ல, அதனால்தான் அதை நம்பலாம். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி, எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. சொற்களை முதல் எழுத்தின் அகரவரிசையில் அடுக்கும் அகராதி நிகண்டு 1594இல் வந்தது. வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை. அந்தத் தொடையகராதி முழுவதும் எதுகைக்காகவே தொகுக்கப்பட்டது. பாட்டு எழுதுகிறவர் மேசையில் இருக்க வேண்டிய புத்தகம் அது. பழைய சொற்கள் நிறைய வரும், அவற்றைத் தாண்டிப் போகப் பழக வேண்டும்.

தத்தகாரம்:

நான் மெட்டுப் போடுகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். யாப்பில் எதுகை என்பது எழுதியதைப் படிக்கும்போது தெரிவது. பாட்டில் அது எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, பொறுத்தது. பாட்டு தட்டோடு சேர்ந்து தொடங்கினால் ‘வாழ்’ என்ற நெடில் தட்டில் விழும், ‘க்கை’ அதைத் தொடர்ந்து தெளிவாகக் கேட்கும். தட்டு விழுந்த பிறகு பாட்டு எடுத்தால் முதல் சீரின் எடை குறைந்துவிடும். அப்போது இரண்டாம் எழுத்தில் எவ்வளவு அழகான எதுகை வைத்தாலும் கேட்பவர் காதில் பாதிதான் சேரும். சரணம்தேடி, உங்கள் மெட்டில் எடுப்பு எங்கே?

இந்த ஒழுங்கு கீர்த்தனைகளிலும் இருக்கிறது. பல்லவியின் இரண்டாம் எழுத்தும் அனுபல்லவியின் இரண்டாம் எழுத்தும் ஒன்றி வருவது வழக்கம், துவிதீயாட்சரப் பிராசம் என்று அதற்குப் பெயர். பாடும்போது பல்லவிக்குத் திரும்பி வருகிற இடத்தில் அந்த ஒற்றுமை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எனவே எதுகை இசைக்கு அந்நியமானதில்லை. எந்தத் தட்டில் விழுகிறது என்பதைப் பார்க்காமல் வைக்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

சரணம்தேடி:

எடுப்பு தட்டிலேயே இருக்கிறது. முதல் சீரில் தாளமும் அழுத்தமாக விழுகிறது.

நேற்று மாலை எழுதுகோல் சொன்னபடி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். தாள் நிறைந்துவிட்டது. இதுவரை வந்தவற்றில் தேறியவை:

வாழ்க்கை நாளை என்றிருந்தேன்
சூழ்ந்த நேற்றில் மூழ்கி நின்றேன்

வாழ்க்கை நாளை என்றிருந்தேன்
தூக்கம் விற்றுத் தூரம் வாங்கினேன்

வாழ்க்கை நாளை என்றிருந்தேன்
பூக்கள் போன பொழுதில் வந்தேன்

மூன்றாவதில் எனக்கு ஈர்ப்பு. கருத்துச் சொல்லுங்கள்.

பாமரன்:

இரண்டாவது! ‘தூக்கம் விற்றுத் தூரம் வாங்கினேன்’ என்பதை யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாது. அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் அதில் இருக்கிறது. மூன்றாவது இனிமையாக இருக்கிறது, ஆனால் பூக்கள் வாடுவதும் உதிர்வதும் பாட்டில் நிறைய வந்துவிட்டன.

தொடைநயம்:

முதலாவதில் எதுகை மிகக் கெட்டியாக இருக்கிறது. வாழ், சூழ், அதே அடிக்குள் மூழ். ழகரம் மூன்று முறை வருகிறது, பாடகர் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவதில் உங்கள் காது செய்த வேலை ஒன்று இருக்கிறது. பூ, போ, பொ. உ, ஊ, ஒ, ஓ ஆகிய நான்கும் ஒரே மோனைக் குடும்பம், அதனால் முதல் மூன்று சீரும் மோனையில் சேர்ந்துவிட்டன. கூழை மோனை. இரண்டாவதில் தூக்கம், தூரம் என்று முதல் சீரும் மூன்றாம் சீரும் சேர்கின்றன, அது பொழிப்பு மோனை. நான்கு சீர் அடியைப் பாடும்போது முதலுக்கும் மூன்றுக்கும் வரும் மோனை தாளத்தோடு எடுப்பாகக் கேட்கும், ஏனென்றால் அடி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று மட்டும். ‘என்றிருந்தேன், வந்தேன், நின்றேன்’ என்று அடி முடிவதை இயைபாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அது வினைமுற்றின் விகுதி. தன்மை ஒருமையில் பேசும் எவரும் ‘ஏன்’ என்றுதான் முடிக்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லின் கடைசியில் ஒட்டுவதால் முடிவுகள் தாமாக ஒத்துப்போகும். வானிலே, காற்றிலே, நெஞ்சிலே என்று ஒரு நாள் முழுவதும் எழுதலாம், அதில் ஒரு சொல்லும் இன்னொரு சொல்லைத் தேடிப் போகவில்லை. அந்த ஒற்றுமைக்கு எந்த உழைப்பும் இல்லை, அதனால் கேட்பவரிடம் எந்த வியப்பும் இல்லை. சொல்லின் வேரான பகுதியில் ஒன்றும் எதுகைதான் இரண்டு பொருள்களை மோத வைக்கிறது. வாழ்க்கையும் பூக்களும், வாழ்க்கையும் தூக்கமும். அந்த மோதலுக்காகத்தான் எதுகையே.

மெல்லிசை:

ஐயா, பாடுகிறவள் என்ற முறையில் இங்கே நான் மாறுபடுகிறேன். விகுதியில் வரும் ஒற்றுமையை இவ்வளவு கீழே இறக்க வேண்டாம். இந்த மெட்டில் நீண்டு நிற்பது அடியின் கடைசி ஒலி. அந்த நீட்டலில் கேட்பவர் வேறு எதையும் கேட்பதில்லை, ஏகாரத்தை மட்டும் கேட்கிறார். முதல் அடி ஏகாரத்தில் நீண்டு, இரண்டாவது அடி உகரத்தில் நீண்டால் இரண்டும் வேறு வேறு பாட்டாகத் தோன்றும். எழுதியவருக்கு அது விகுதி. பாடுகிறவருக்கும் கேட்பவருக்கும் அது இளைப்பாறும் இடம். எதுகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

இன்னொரு செய்தி, இதை எழுதுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ‘வாழ்க்கை’ என்ற சொல்லை அடியின் கடைசியில் வைத்து நீட்டச் சொல்லாதீர்கள். ஐகாரம் சொல்லின் கடைசியில் குறுகி ஒரு மாத்திரையாகத்தான் ஒலிக்கும். நீட்டினால் ‘வாழ்க்கேஏ’ என்றோ ‘வாழ்க்கையீ’ என்றோ சிதையும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘வாழ்க்கையே’, ‘வாழ்க்கையா’, ‘வாழ்க்கையோ’ என்று ஒரு நெடிலைத் தாருங்கள். நீங்கள் அதை அடியின் முதலில் வைத்தது பாடுகிற குரலுக்கும் நல்லது.

அப்புறம் ‘போன’. மெட்டு அந்தத் தட்டில் இரண்டாவது ஒலியையும் நீட்டுகிறது என்றால் ‘போன’வை நான் எப்படிப் பாடினாலும் ‘போனா’ என்று கேட்கும். பூக்கள் போனா! பொருளே மாறிவிடும். குறிலில் முடிந்து திறந்து நிற்கும் சொல்லை நீட்டல் விழும் இடத்தில் வைக்கக் கூடாது.

தத்தகாரம்:

மெல்லிசை சொன்னது மிகச் சரி. அந்த இடத்துக்கு மகரத்தில் முடியும் சொல் பொருந்தும். உயிரை நீட்ட வேண்டியதில்லை, ம் ஒலியிலேயே குரல் நிற்கலாம். ‘போகும்’ என்று போட்டுப் பாருங்கள்.

பூக்கள் போகும் பொழுதில் வந்தேன்

மோனையும் கெடவில்லை.

எழுதுகோல்:

பொருளும் உயர்ந்துவிட்டது. ‘போன பொழுதில்’ என்றால் எல்லாம் முடிந்த பிறகு வந்தவர். ‘போகும் பொழுதில்’ என்றால் வந்து நிற்கும்போது கண்முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. பாமரன் சொன்ன தேய்ந்த படிமம் என்ற குறையும் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. பூக்கள் வாடவில்லை, உதிரவில்லை, போகின்றன. விருந்தாளிகள் எழுந்து போவதைப் போல.

பாமரன்:

‘போகும்’ என்றானதும் எனக்கும் அது பிடித்துவிட்டது. ஆனாலும் ‘தூக்கம் விற்றுத் தூரம் வாங்கினேன்’ வீணாகக் கூடாது. அடுத்த சரணத்தின் முதல் அடியாக வையுங்கள்.

சரணம்தேடி:

‘போகும்’ நிலைத்துவிட்டது. இன்று மெட்டோடு பாடிப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. பாமரன் சொன்னபடி ‘தூக்கம்’ இரண்டாவது சரணத்துக்குப் போகிறது.

இனி இரண்டு கேள்விகள். மூன்றாவது, நான்காவது அடிகளிலும் இதே க்க எதுகையைத் தொடர வேண்டுமா? ஏக்கம், நோக்கம், தாக்கம் எல்லாம் தாளில் மீதம் இருக்கின்றன. இன்னொன்று, ‘வாழ்க்கை’க்கு ‘வருகை’, ‘அழுகை’ போன்றவற்றை ஏதாவது ஓர் இடத்தில் இயைபாகக் கொள்ளலாமா? எழுத்தில் கை என்றுதானே முடிகின்றன?

தொடைநயம்:

தொடர வேண்டாம். இரண்டு இரண்டு அடிகளாக எதுகை மாறலாம், அதற்கு இரண்டடி எதுகை என்ற பெயரும் உண்டு. நான்கு அடிக்கும் ஒரே எதுகையை விருத்தம் கேட்கும், உங்கள் மெட்டு கேட்கவில்லை. தாளில் மீதம் இருக்கிறதே என்பதற்காக ‘நோக்கம்’ என்ற சொல்லை உள்ளே கொண்டுவந்தால், அந்தச் சொல்லுக்காக ஒரு கருத்தைத் தேட வேண்டிவரும். அப்படி வந்த அடி எப்போதும் தெரிந்துவிடும். முதல் இரண்டு அடியில் ‘வாழ்க்கை’ என்ற சொல் தன் வேலையை முடித்துவிட்டது. விட்டுவிடுங்கள்.

மெல்லிசை:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். வருகை, அழுகை என்பவற்றில் ககரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே மெலிந்து ஒலிக்கிறது. ‘வாழ்க்கை’யில் அது இரட்டித்து வல்லினமாக நிற்கிறது. எழுத்து ஒன்று, பாடும்போது ஒலி வேறு. காது ஏற்காது. நம்பிக்கை, இருக்கை போன்றவற்றை ஏற்கும்.

மோனையிலும் இதைப் பாருங்கள். ‘காற்று’க்கு ‘கானம்’ எழுத்தில் மோனை. ஆனால் பலரும் கானத்தை வடமொழி ஒலியோடு பாடுகிறோம், அப்போது இரண்டு ககரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை. ‘பாவம்’ என்ற சொல்லே இரண்டு விதமாக ஒலிக்கிறது. தாளில் சரிபார்த்த பிறகு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுதுகோல்:

இதே காரணத்தால் ‘மரம்’, ‘அறம்’ போன்ற இணைகளிலும் கவனம் வேண்டும். இன்று பலர் வாயில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால் அது காதுக்கு எதுகையாகக் கேட்கும், யாப்போ ஏற்காது. பாட்டுக்கு எதை எடுத்துக்கொள்வது என்பதில் எனக்கு இன்னும் உறுதியான பதில் உண்டு: இரண்டும் ஏற்கும் சொல் கிடைக்கும்வரை தேடுவது. பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

சரணம்தேடி:

எதுகையை மாற்றலாம் என்றதும் கை கட்டவிழ்ந்ததுபோல் இருந்தது. நான்கு அடியும் இப்போது இப்படி:

வாழ்க்கை நாளை என்றிருந்தேன்
பூக்கள் போகும் பொழுதில் வந்தேன்
வாசல் வந்த வானம் பார்த்தும்
ஊசல் ஆடி உள்ளே நின்றேன்

‘ஊசல்’ என்ற சொல் எல்லோருக்கும் புரியுமா என்று மட்டும் தயக்கம்.

பாமரன்:

ஊசலாட்டம் என்று செய்தித்தாளில் தினமும் வருகிறது, புரியும். வானம் வாசல்வரை வந்தும் வெளியே போகாமல் நிற்கிறார் அவர். இதற்குப் பக்கத்தில் நம்பிக்கையும் வேடிக்கையும் நிற்க முடியாது.

தொடைநயம்:

வாசல், ஊசல். முதல் எழுத்துப் போக மீதி முழுவதும் ஒன்றிவிட்டது, தலையாகு எதுகை. ஊசல், உள்ளே என்று பொழிப்பு மோனையும் தானாக விழுந்திருக்கிறது. கை வைக்க வேண்டாம்.

மெல்லிசை:

வாசலிலும் ஊசலிலும் சகரம் ஒரே மென்மையில் ஒலிக்கிறது, அதனால் காதிலும் அது முழு எதுகைதான். மூன்றாவது அடி ‘பார்த்தும்’ என்று முடிவதை மாற்றிவிடாதீர்கள். மற்ற மூன்று அடிகளும் ‘ஏன்’ என்று நீளும்போது இது ஒன்று மட்டும் மகரத்தில் மூடிக்கொள்கிறது, பாடுகிறவருக்கு மூச்சு எடுக்க அங்கேதான் இடம். இசையமைப்பாளரிடம் அந்த ஓர் அடியில் கடைசி நீட்டலைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது நான்காவது அடியின் ‘நின்றேன்’ முழு மூச்சோடு வரும்.